விண்வெளி ஆய்வும் மண்ணுலகப் பயனும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

மண்ணில் பசித்தோர் பலர் இருக்க, விண்ணுக்கு ராக்கெட் அனுப்புவதால் என்ன பயன் என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விடை நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

கைப்பேசிக் கேமராவில் படத்தைப் பதியும் சில்லு, 1990களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழுவினர் செய்த ஆய்வில் பிறந்ததாகும். எடையும் மின்செலவும் குறைந்த கேமரா விண்கலத்திற்குத் தேவைப்பட்டது. இன்று அது கோடிக்கணக்கானோர் கைகளில் உள்ளது. விண்மீன்களின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர் கொண்டு அளந்த நுட்பமே, 1991இல் காதில் வைத்துச் சில நொடிகளில் காய்ச்சலை அறியும் வெப்பமானியாக வந்தது.

நாசாவின் பொறியாளர் டேவிட் சாசியர், 1984இல் இதய மாற்றுச் சிகிச்சை பெற்றார். பின்னர் புகழ்பெற்ற இதய மருத்துவர் மைக்கேல் டிபேக்கியுடன் சேர்ந்து இதயத்திற்குத் துணைபுரியும் சிறு பம்பு ஒன்றை உருவாக்க முனைந்தார். விண்ணோடத்தின் எஞ்சினில் எரிபொருள் பாயும் விதத்தை ஆராய்ந்த கணினி முறையே, அப்பம்பில் இரத்த அணுக்கள் சிதையாமல் காக்கவும் உதவியது. 1998இல் அது முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

எனினும், கேட்டதையெல்லாம் நம்பிவிடலாகாது. டெஃப்லான் நாசாவின் கண்டுபிடிப்பு என்பார்கள். அது 1938இலேயே கண்டறியப்பட்டது. நாசா தோன்றியதோ 1958இல்தான்.

அன்பர்களே! இனி நம் இராமேசுவரத்து மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களிடம் வருவோம். தும்பா விண்வெளி மையத்தில் இலேசான கூட்டுப்பொருள்களைக் கொண்டு ராக்கெட் பாகங்கள் செய்யும் பணியில் ஈடுபட்டவர் அவர். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3, 1980 ஜூலை 18 அன்று ரோகிணியை விண்ணில் நிறுத்தியது. பின்னர் ஹைதராபாத்தில் அக்னி ஏவுகணைப் பணியில் இருந்தபோது, நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவரது ஆய்வகத்திற்கு வந்தார். அங்கிருந்த இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், கலாம் அவர்களைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சிறுவர் சிறுமியர் சுமார் 3 கிலோ எடையுள்ள உலோகக் காலிப்பர்களைக் காலில் மாட்டி, இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தனர். சில வாரங்களில் 300 கிராம் எடையில் புதிய காலிப்பர் தயாராயிற்று. அதை அணிந்த பிள்ளைகள் ஓடினர். பெற்றோர் கண்ணீர் வடித்தனர். அந்நாளின் மகிழ்ச்சியைக் கலாம் அவர்கள் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார்கள்.

அழிக்கும் கருவிக்கென உண்டான பொருள், ஒரு குழந்தையை நடக்க வைத்தது. அறிவு ஒன்றுதான், அதை எத்திசையில் செலுத்துவது என்பது மனிதன் கையில் இருக்கிறது. பயனுள்ள கல்வியைத் தருமாறு இறைவனிடம் துஆ கேட்கும் சமுதாயம் நாம். கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

சென்னையில் பொறியியல் பயில இடம் கிடைத்தபோது கட்டணம் செலுத்தக் கலாம் அவர்களிடம் பணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த வளையல்கள் பெட்டியிலேயே இருந்திருந்தால், அந்தக் காலிப்பர் யார் மூலம் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மஹல்லாவிலும் மதிப்பெண் இருந்தும் கட்டணம் இன்றிப் படிப்பை நிறுத்தும் மகனோ மகளோ இருக்கக்கூடும். அத்தகைய பிள்ளையைத் தேடிக் கண்டறிவது நம் பொறுப்பு. திருமண விருந்தில் ஒரு வகைக் கறியைக் குறைத்தாலும் ஒரு பருவக் கட்டணத்திற்கு உதவியாகும். நம் கல்வி உதவி நிதிக்கு இயன்றதை வழங்குவோம். அடுத்த ஆண்டு இம்மேடையில் அத்தகைய பிள்ளை ஒருவரை நிறுத்தி மகிழ்வோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் பயன் தரும் கல்வியை அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.