கோபுரமா, காதோரக் கருவியா?



செல்போன் கதிர்வீச்சு மூளைச் செல்களைக் கெடுக்குமா என்று பேசச் சொன்னார்கள். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு மாடிமேல் செல்போன் கோபுரம் வைக்க வந்தார்கள். "குழந்தைங்க மூளைக்கு ஆகாதுங்க" என்று மனு எழுதியவன் நான்தான். இயற்பியல் படித்தவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கோபுரம் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று டீ குடித்தோம்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

கதிர்வீச்சு என்றதும் நமக்கு எக்ஸ்ரே ஞாபகம் வருகிறது. எக்ஸ்ரே, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி மரபணுவையே உடைக்கும். செல்போனின் ரேடியோ அலைக்கு அந்த வலு கிடையாது. வேதிப் பிணைப்பை முறிக்கத் தேவையான ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. நிச்சயமாகத் தெரிந்த விளைவு, திசு லேசாகச் சூடாவதுதான். அதை அளப்பது 'சார்' மதிப்பு. இந்தியாவில் போனுக்கு வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். நட்சத்திரம், ஹேஷ், 07, ஹேஷ் என்று அழுத்தினால் உங்கள் போனின் அளவு தெரியும்.

அப்போ பயமே வேண்டாமா? 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதே ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47 பேரிடம், 50 நிமிடம் காதில் போன் வைத்துச் சோதித்தார்கள். ஆண்டெனாவை ஒட்டிய மூளைப் பகுதியில் குளுக்கோஸ் செலவு சுமார் 7 சதவீதம் கூடியது. அது நல்லதா கெட்டதா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. 2024-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளை அலசியவர்கள், பத்தாண்டுக்கு மேல் பேசியவர்களிடம்கூட மூளைப் புற்றுநோயோடு தொடர்பு காணவில்லை.

இப்போது என் மனுவுக்கு வருகிறேன். கோபுரம் தூரத்தில், போன் காதில். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு நாலில் ஒன்றாகும். அதோடு 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா கோபுரத்துக்கான வரம்பை சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. போனில் பேசுகிறவர் மூளைக்குப் போவதில் பெரும்பங்கு கையில் இருக்கும் கருவியிலிருந்துதான். சிக்னல் குறைந்தால் அது சும்மா இருக்காது. சந்தைக் கூட்டத்தில் கத்திக் கூப்பிடுகிற மாதிரி, எட்டாத கோபுரத்தை எட்ட சக்தியைக் கூட்டும். குழந்தைகளைக் காப்பதாக நினைத்து, அவர்கள் காதோரமே போனைக் கத்த வைத்தவன் நான்!

கேள்வி கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபுரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள், அது நம் உரிமை. அளக்காமலே பயப்படுவது படித்த படிப்புக்கு அழகல்ல.

தம்பி தங்கைகளே, சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது நீட்டி முழக்காதீர்கள். முடிந்தவரை இயர்போனில் பேசுங்கள், போன் தலையைவிட்டுத் தள்ளியிருக்கும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு தண்டவாளம் தாண்டாதீர்கள். அங்கே மூளைக்கு என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.