பிள்ளைகளுக்கு வீட்டிலேயே புதினா சாக்லேட்

(நம் அறக்கட்டளையின் மகளிர் குழு சார்பில் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

இன்று நாம் பேச வந்திருப்பது மிட்டாயைப் பற்றி. "இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த மிட்டாய் விஷயத்தில் நம் குழு இரண்டு தவறுகள் செய்திருக்கிறது. அவற்றை உங்கள் முன் சொல்லித் திருத்திக்கொள்ளவே இன்று நிற்கிறோம்.

முதல் தவறு மக்தபில் நடந்தது. பிள்ளைகள் ஒரு சூராவை மனனம் செய்து ஒப்பித்தால் கையில் ஒரு சாக்லேட் கொடுப்பது நம் வழக்கம். மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய பாக்கெட்டை வாங்கி வைத்துவிடுவோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம். பிறகு ஒரு நாள் பல் மருத்துவர் ஒருவர் வந்து பிள்ளைகளின் வாயைப் பார்த்தார். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்கள் கறுத்துக் குழி விழுந்திருந்தன. "இங்கே இவர்களுக்குத் தின்ன என்ன கொடுக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை.

அன்று மாலைதான் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தை முதன்முறையாகப் படித்தோம்.

பாக்கெட்டின் பின்பக்கம்

நம் நாட்டுச் சட்டப்படி, ஒரு பொருளில் எது அதிக எடையோ அதன் பெயர்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும். நாங்கள் வாங்கியதில் முதல் பெயர் சர்க்கரை. இரண்டாவது பெயர் தாவரக் கொழுப்பு. கொக்கோ அதற்குப் பிறகுதான் வந்தது. அசல் சாக்லேட்டில் இருக்க வேண்டிய கொக்கோ வெண்ணெய் விலை கூடியது. அதற்குப் பதிலாக மலிவான தாவரக் கொழுப்பைச் சேர்த்துச் செய்வதைத் தொழிலில் 'காம்பவுண்ட் சாக்லேட்' என்கிறார்கள். எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது நல்ல விதி. ஆனால் சர்க்கரையை அது குறைத்துவிடாது.

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு, அது ஹலால். நம் நாட்டுப் பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளி, அதில் மாமிசப் பொருள் இல்லை என்பதைச் சொல்லும். வாசனைக்குச் சேர்த்த எஸன்ஸ் எதில் கரைக்கப்பட்டது என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. மின்ட், வெனிலா எஸன்ஸ்களில் சில ஆல்கஹாலில் கரைத்துச் செய்யப்படுபவை. சபரிலிருந்து வாப்பாமார் அன்போடு கொண்டுவரும் பெட்டிகளிலும் மது நிரப்பிய சாக்லேட் கலந்து வரக்கூடும். ஆகவே படித்துப் பார்த்து வாங்குங்கள். ஐயம் இருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, தய்யிபாகவும் இருக்க வேண்டும் என்று நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்!

பிரியாணி வாசனை அடித்த சாக்லேட்

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினோம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது மின்ட் சாக்லேட். புதினா இல்லாத முஸ்லிம் வீட்டு அடுப்படி ஏது? ஒரு கட்டு புதினாவைக் கழுவி, சட்னிக்கு அரைப்பதுபோல் அரைத்து, உருக்கிய சாக்லேட்டில் கொட்டிக் கிளறினோம். பாகுபோல் பளபளவென்று இருந்தது, ஒரே நிமிடத்தில் திரிந்து மணல்மணலாகக் கட்டிப்போய்விட்டது. வாயில் போட்ட ஒரு சிறுமி, "உம்மா, இதில் பிரியாணி வாசம் வருது" என்று துப்பிவிட்டாள்.

அதிலிருந்து இரண்டு பாடம் கற்றோம். ஒன்று, உருக்கிய சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகாது. ஈரக் கரண்டியில் ஒட்டியிருக்கும் நாலு சொட்டு போதும், அதில் உள்ள சர்க்கரையும் கொக்கோத் தூளும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். பச்சைப் புதினாவில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

இரண்டாவது, நம் சந்தைப் புதினா வேறு, கடை மின்ட் சாக்லேட்டில் உள்ள புதினா வேறு. மெந்தால் மிகுந்த 'பெப்பர்மின்ட்' என்ற வகையின் எண்ணெயைத்தான் கடைச் சாக்லேட்டில் சேர்க்கிறார்கள். அந்த மெந்தால் நாக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. உண்மையில் வாய் குளிர்வதில்லை, குளிர்ந்ததுபோல் தோன்றுகிறது. நம் புதினாவில் மெந்தால் குறைவு, வாசனைதான் அதிகம். ஆகவே வீட்டில் செய்யும் சாக்லேட்டில் ஜில்லென்ற காரம் வராது, மென்மையான மணம் வரும். இதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஜில்லென்று வர வேண்டும் என்பதற்காக நாட்டு மருந்துக் கடையில் விற்கும் புதினா உப்பை வாங்கித் தின்பண்டத்தில் போட்டுவிடாதீர்கள். அது அடர்ந்த மெந்தால், மருந்துக்கு உரியது. கைக்குழந்தைகளின் மூக்கருகே கொண்டுபோனால்கூட மூச்சு முட்டக்கூடும்.

செய்முறை

நாலைந்து முறை செய்துபார்த்து, பிள்ளைகள் மறுபடி கேட்ட பக்குவம் இது. சுமார் 20 உருண்டைகள் வரும்.

விதை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம்
வறுத்த எள் 2 மேசைக்கரண்டி
சர்க்கரை சேர்க்காத கொக்கோ பொடி 3 மேசைக்கரண்டி
உலர்ந்த புதினாப் பொடி 2 தேக்கரண்டி
நெய் 1 தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

முதலில் புதினா. இலைகளை மட்டும் கிள்ளி, அலசி, துணியில் ஒற்றி, நிழலில் பரப்பி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மழைக்காலமானால் வெறும் சட்டியை மிகக் குறைந்த தீயில் வைத்துப் புரட்டி எடுங்கள். கையில் எடுத்தால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருண்டை பூசணம் பிடித்துவிடும். எங்களுக்கு ஒரு டப்பா முழுவதும் அப்படிப் போயிற்று. நன்றாகக் காய்ந்ததைப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டாக இருந்தாலும் பொடி கொஞ்சமாகத்தான் தேறும்.

அடுத்து கொக்கோ. இது நமக்கு அந்நியமான பயிர் அல்ல. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிறது. கடையில் கேட்கும்போது 'கொக்கோ பொடி' என்று தெளிவாகக் கேளுங்கள். பாலில் கலக்கும் 'டிரிங்கிங் சாக்லேட்' பொடியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் பெரும்பாலும் சர்க்கரைதான் முதல் பெயராக இருக்கும். பேரீச்சம்பழத்தையும் அப்படியே பாருங்கள். சில பாக்கெட்டுகளில் பளபளப்புக்காக குளுக்கோஸ் பாகு பூசியிருப்பார்கள்.

வேர்க்கடலையை மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். அதைத் தனியே எடுத்துவைத்து, பேரீச்சம்பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். பழம் கெட்டியாக இருந்தால் இட்லிப் பானையில் மூன்று நிமிடம் ஆவியில் காட்டி, ஆறவிட்டு அரையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கையில் நெய் தடவிக்கொண்டு பிசைந்து, சிறுநெல்லிக்காய் அளவுக்குச் சற்றுப் பெரிதாக உருட்டி, கொக்கோ பொடியில் புரட்டி எடுங்கள். மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து நாள் இருக்கும். கொக்கோ பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். மீனும் கருவாடும் உள்ள தட்டில் வைத்துவிடாதீர்கள்!

பச்சைப் புதினாவின் மணம்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பால் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலைக் கொதிக்கவிட்டு இறக்கி, கசக்கிய எட்டுப் பத்து இலைகளைப் போட்டு ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். வடிகட்டி, ஒரு தேக்கரண்டி கொக்கோ பொடியைக் கரைத்து, சூடு தணிந்தபின் ஒரு தேக்கரண்டி கருப்பட்டிப் பாகு விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் பால் திரிந்துபோகலாம். கொக்கோவில் சிறிதளவு காபீன் இருப்பதால் இதை மாலையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு

இப்போது சொல்லக் கஷ்டமான பகுதிக்கு வருகிறோம். இந்த உருண்டையின் செய்முறையை நாங்கள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். தலைப்பில் பெரிய எழுத்தில் 'சர்க்கரை இல்லாத இனிப்பு' என்று போட்டோம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் லாத்தா ஒருவர் அதைப் படித்துவிட்டு, "பேரீச்சம்பழம்தானே, வீட்டில் செய்ததுதானே" என்று தினமும் அஸருக்குப் பிறகு நாலைந்து உருண்டை சாப்பிட்டிருக்கிறார். அடுத்த முறை இரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. மருத்துவர் விசாரித்தபோது நம் தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறார். நம்மைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "நீங்கள் எழுதியதை நம்பினேன்மா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்தான் இந்த உரையை எழுத வைத்தது.

கணக்கைச் சரியாகச் சொல்கிறோம். பேரீச்சம்பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இயற்கைச் சர்க்கரைதான். 200 கிராம் பழத்தை 20 உருண்டையாக்கினால், ஒன்றில் ஏறக்குறைய 7 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம். அப்படியானால் ஒவ்வோர் உருண்டையிலும் ஒன்றரைத் தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாக இருக்கிறது. கூடவே நார்ச்சத்தும், கடலையின் புரதமும், எள்ளின் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கின்றன என்பது உண்மை. அதனால் கடை மிட்டாயைவிட இது மேல். ஆனால் இது சர்க்கரை இல்லாத பண்டம் அல்ல.

கருப்பட்டி, வெல்லம், தேன் ஆகியவற்றுக்கும் இதே பேச்சுதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பாகு வகைகளையும் சேர்த்தே எண்ணச் சொல்கிறது. இவை எல்லாம் சேர்ந்து ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. பெரியவர்களுக்கு அந்த 5 விழுக்காடு என்பது சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. காலைத் தேநீரிலும் மாலைத் தேநீரிலும் நாம் போடுவதை எண்ணிப் பார்த்தால் மீதி எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்:

பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஓர் உருண்டை, மிஞ்சினால் இரண்டு. பேரீச்சை பல்லில் ஒட்டும். தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இரவு பல் துலக்காமல் படுக்கவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவுசெய்யுங்கள்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள். புதினாவும் சாக்லேட்டும் இரண்டுமே அதைக் கூட்டக்கூடியவை.

சிறு குழந்தைகளுக்குக் கடலையை முழுதாகவோ உடைத்தோ கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். மாவாக அரைத்தே சேருங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் வேண்டாம்.

பிறர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும்முன் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அதன் உம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிலருக்குக் கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும்.

பழைய தாள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். திருத்திய தாளை வாசலில் வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். அதில் தலைப்பு 'அளவாக உண்ண ஓர் இனிப்பு' என்று இருக்கும்.

மக்தபிலும் மாற்றம் செய்துவிட்டோம். ஒப்பிக்கும்போதெல்லாம் மிட்டாய் என்பது நின்றுவிட்டது. வாரத்தில் ஒரு நாள், முறை வைத்து ஒரு வீட்டார் செய்து அனுப்பும் உருண்டையைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிறார்கள். மற்ற நாட்களில் உஸ்தாத் தலையில் கைவைத்து துஆச் செய்கிறார். முதல் வாரம் பிள்ளைகள் முகம் வாடியது, மறைக்கவில்லை. இப்போது, "இந்த வாரம் யார் வீட்டு முறை?" என்று அவர்களே கேட்கிறார்கள். பிரியாணி வாசம் என்று துப்பிய அந்தச் சிறுமிதான் போன வாரம் தன் உம்மாவோடு உட்கார்ந்து உருட்டினாளாம். ஒன்றை மட்டும் மிகப் பெரிதாக உருட்டி, அது யாருக்கு என்று யாரிடமும் சொல்லாமல் டப்பாவின் அடியில் வைத்திருந்தாள். உஸ்தாதுக்காம்.

நம் அடுப்படிகளில் அல்லாஹ் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.