மூன்று ஹார்டு டிஸ்க், ஒரே ஃபோல்டர்

(சென்ற மாதம் நமது கிளப் ஹவுஸில் நடந்த கணினி உதவிக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி.

கமிட்டி மாறியபோது அசோசியேஷன் அலுவலகத்துக்கு மூன்று ஹார்டு டிஸ்க் வந்து சேர்ந்தன. ஒன்றில் லிஃப்ட் ஏஎம்சி, வரவு செலவுக் கணக்கு. இன்னொன்றில் பில்டர் கொடுத்த பிளம்பிங் வரைபடம். மூன்றாவதில் பொதுக்குழுத் தீர்மானங்களும் பொங்கல் விழா போட்டோக்களும். பி பிளாக்கில் பைப் உடைந்த அன்று, வரைபடம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று தேடியே முக்கால் மணி நேரம் போனது. சம்ப் காலியாகிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்க்க முடியாதா சார்?" என்று செயலாளர் கேட்டார். முடியும். எதையும் காப்பி செய்ய வேண்டியதில்லை.

விண்டோஸில் 'லைப்ரரி' என்று ஒரு வசதி இருக்கிறது. 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்தது. இப்போதைய விண்டோஸில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இடது பக்கம் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ லைப்ரரீஸ்' கொடுத்தால் வரும். ஒரு புது லைப்ரரி தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு டிஸ்க்கிலும் வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'இன்க்ளூட் இன் லைப்ரரி' கொடுங்கள். விண்டோஸ் 11-இல் அதற்கு முன் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்த வேண்டும். ஒரு லைப்ரரியில் 50 ஃபோல்டர் வரை சேர்க்கலாம். டிஸ்க் இணைப்பில் இருக்கும்வரைதான் அதில் உள்ளவை தெரியும்.

நம் கேட்டில் இருக்கும் பெயர்ப் பலகை மாதிரிதான் இது. பெயர்கள் ஒன்றாக இருக்கும், குடியிருப்பது அவரவர் வீட்டில். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

லைப்ரரியில் தெரிவது வெறும் நிழல், அசல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து, என் மகள் காதுகுத்து ஃபோல்டரை அங்கிருந்து ஷிஃப்ட் டெலீட் செய்துவிட்டேன். அசலே போய்விட்டது. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மச்சினர் போனில் 11 படங்கள் கிடைத்தன. குழந்தை அவர் மடியில் உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் இல்லை. அவர் படத்தில் இருந்தாரே, எப்படி எடுத்திருப்பார்?

ஆகவே ஒரு ஃபோல்டர் லைப்ரரியில் வேண்டாமென்றால் டெலீட் பக்கம் போகாதீர்கள். லைப்ரரியின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'ரிமூவ்' கொடுங்கள். பலகையிலிருந்து பெயர் மட்டும் போகும்.

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு டிவிக்குப் படம் ஓட்டுகிற பிள்ளைகள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு 'மெர்ஜர்எஃப்எஸ்' இருக்கிறது. பல டிஸ்க்கை ஒரே ஃபோல்டராகக் காட்டும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றில் உள்ளவை அப்படியே இருக்கும். அங்கேயும் டெலீட் என்றால் டெலீட்தான்.

விண்டோஸில் 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. டிஸ்க்கை அதில் சேர்க்கும்போது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும். படங்கள் இருக்கும் டிஸ்க்கோடு அதன் கிட்டேயே போகாதீர்கள்.

இதில் எதுவுமே பேக்கப் ஆகாது. அலுவலகத்தின் மூன்று டிஸ்க்கையும் நான்காவதாக ஒன்றில் காப்பி செய்து, அதைப் பொருளாளர் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். பிளம்பிங் வரைபடம் இப்போது இரண்டு கிளிக்கில் வருகிறது.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன். டிஸ்க் கொண்டு வருபவர்கள் கேபிளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.