விசாரணையற்ற சிறையும் கைதிப் பரிமாற்றமும்: மாற்றிக்கொள்ள எவருமற்ற கைதிகள்

(மொன்றியல் பெருநகரின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 ஒக்டோபர் 13ஆம் நாள் காசாவில் உயிருடன் எஞ்சியிருந்த இருபது இஸ்ரேலியப் பணயக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். அதே நாளில் இஸ்ரேலியச் சிறைகளிலிருந்து ஏறத்தாழ 250 பாலஸ்தீனத் தண்டனைக் கைதிகளும், காசாவில் பிடிக்கப்பட்டு எவ்விதக் குற்றச்சாட்டும் சுமத்தப்படாமல் அடைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 1,700 பேரும் வெளியே வந்தனர். இரு பக்கத்துத் தாய்மாரும் பிள்ளைகளைக் கட்டியணைத்து அழுத காட்சியை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது. பியர்பொன்ட்சிலும் டொலார்-தெ-ஓர்மோவிலும் தமிழ் வீடுகளில் அந்தக் காட்சியைப் பார்த்த இளையோருக்கு அது தொலைதூரத்துச் செய்தி. அருகிலிருந்து பார்த்த பெற்றோர் பலருக்கோ அது வேறு நினைவுகளைக் கிளறியது. பூசா, களுத்துறை, வெலிக்கடை, நாலாம் மாடி ஆகிய பெயர்களைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லாமலே இருபது, முப்பது ஆண்டுகளைக் கடத்தியவர்கள் அவர்கள்.

அந்த 1,700 பேரின் விடுதலை ஒரு கேள்வியை எழுப்புகின்றது. ஒரே நாளில் பேருந்துகளில் ஏற்றி அனுப்பக்கூடியவர்கள் என்றால், அவர்கள் எதற்காக அதுவரை அடைக்கப்பட்டிருந்தார்கள்? குற்றவாளிகள் என்றால் நீதிமன்றில் நிறுத்தியிருக்க வேண்டும். குற்றமற்றவர்கள் என்றால் பிடித்திருக்கவே கூடாது. இரண்டும் இல்லாத நிலையில் ஒரு மனிதன் கைதி என்பதைவிட, மறுபக்கத்தோடு பேரம் பேசும்போது எடுத்து வைக்கப்படும் காசு என்பதே பொருந்தும். 2023 ஒக்டோபர் 7ஆம் நாள் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, குழந்தைகள், முதியோர் உட்பட 251 பேரைப் பிடித்துச் சென்ற ஹமாஸ் செய்ததும் இதுவே. அது பணயம் பிடித்தல் என்று அழைக்கப்படுகின்றது. அரசு செய்யும்போது மட்டும் அதற்கு நிர்வாகத் தடுப்புக்காவல் என்ற மரியாதையான பெயர் கிடைத்துவிடுகின்றது.

இச்சட்டங்களின் பிறப்பிடம் ஒன்றே என்பதை இளையோர் அறிந்திருத்தல் வேண்டும். பாலஸ்தீனத்தை ஆண்ட பிரித்தானியர் 1945இல் பாதுகாப்பு (அவசரகால) ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தனர். அக்காலத்தில் யூத இயக்கத்தினரையே விசாரணையின்றிப் பிடித்து எரித்திரியாவிலுள்ள முகாம்களுக்கு அவர்கள் அனுப்பினர். இரண்டாண்டுகளின் பின் 1947இல், இலங்கையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்த வேளையில், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை அதே பிரித்தானியர் பிறப்பித்துவிட்டுச் சென்றனர். ஆண்டவர்கள் கப்பலேறிய பின்னரும் சட்டங்கள் கரையிலேயே தங்கிவிட்டன. 1979ஆம் ஆண்டு இஸ்ரேல் தன் தடுப்புக்காவல் சட்டத்தைப் புதிதாக எழுதியது. அதே 1979ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நிறைவேற்றியது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்பது அச்சட்டத்தின் பெயரிலேயே உள்ளது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. பெயர் மட்டும் இன்றுவரை மாற்றப்படவில்லை என்பது கசப்பான வேடிக்கை.

மேற்குக் கரையில் ஒரு தடுப்புக்காவல் உத்தரவின் காலம் ஆறு மாதம் வரை. முடிவதற்குச் சில நாட்கள் முன்பு அது மீண்டும் புதுப்பிக்கப்படலாம். எத்தனை தடவை என்பதற்கு எல்லையில்லை. ஆதாரம் இரகசியமானது. கைதிக்கோ அவரது வழக்கறிஞருக்கோ அது காட்டப்படுவதில்லை. காசா மக்கள் மீது பயன்படுத்தப்படும் 'சட்டவிரோதப் போராளிகள்' சட்டம், 2002இல் இயற்றப்பட்டது, தனியாக உண்டு. இலங்கைச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கையொப்பத்தோடு மூன்று மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள் வரை அடைத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. கேட்பதற்கு இது இஸ்ரேலைவிடக் கருணை மிக்கதாகத் தோன்றும். ஆனால் அதன் பின்னர் வழக்கு முடியும்வரை விளக்கமறியல் என்ற இன்னொரு கதவு திறந்திருக்கின்றது. வழக்கோ முடிவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் அவ்வாறு கழித்த தமிழர்கள் பலர்.

இச்சட்டத்தின் நஞ்சு முழுவதும் அதன் 16ஆம் பிரிவில் உள்ளது. சாதாரண சட்டப்படி பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றில் செல்லாது. இச்சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் அது செல்லும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று எண்பிக்கும் பொறுப்பும் கைதியின் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளது. நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்குச் சான்று. 1993 யூலையில் கைதான அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருடைய வாக்குமூலமோ சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. கீழே அவரது பெருவிரல் அடையாளம். சித்திரவதை செய்து பெற்றார்கள் என்று அவர் சொன்னார். அந்த ஒரு தாளை ஆதாரமாகக் கொண்டு 1995இல் அவருக்கு ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டானது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று முடிவு செய்து, விடுதலை அல்லது மறுவிசாரணை வழங்குமாறு கேட்டது. 2006 செப்டெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர்நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கிய 1997ஆம் ஆண்டு இணக்கமே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி அவரது விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. ஒரு கைதிக்கு அடைக்கப்பட்ட கதவு, அன்றோடு உள்நாட்டு நீதிமன்றங்களில் அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் அடைக்கப்பட்டது.

சிறையினுள் உயிருக்கும் காவல் இருக்கவில்லை. 1983 யூலை 25ஆம், 27ஆம் நாட்களில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். குட்டிமணி, தங்கத்துரை, மருத்துவர் இராஜசுந்தரம் முதலானோர் அரசின் பூட்டுக்குள் இருந்தபோதே மாண்டனர். 2000 ஒக்டோபர் 25இல் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து வந்த கும்பல், பொலிசார் நிற்கத்தக்கதாகவே, இருபத்தைந்திற்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது.

தமிழர் வரலாற்றிலும் கைதிப் பரிமாற்றம் நடந்ததுண்டு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் முதற்சுற்றுப் பேச்சு நடந்தது. அம்மாத இறுதியில் ஓமந்தையில், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் முன்னிலையில், விடுதலைப் புலிகள் ஏழு படையினரையும் அரசு பதின்மூன்று போராளிகளையும் கையளித்தன. அந்த எழுவரில் ஒருவர் கடற்படை அதிகாரி அஜித் போயகொட. 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் மூழ்கடிக்கப்பட்ட 'சாகரவர்தன' கப்பலின் கட்டளை அதிகாரியான அவர், எட்டு ஆண்டுகள் புலிகளின் சிறையில் இருந்தார். அவருடைய நினைவுகள் 2016இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. தம்மை அடைத்து வைத்தவர்களைப் பற்றி அவர் வன்மமின்றிப் பேசியதைத் தெற்கில் பலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இளையோர் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

ஆனால் அந்தப் பரிமாற்றத்தால் வீடு திரும்பியோர் பதின்மூவர் மட்டுமே. அதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்தது உடன்படிக்கையின் 2.12ஆம் சரத்து. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதுகள் இடம்பெறக் கூடாது, கைது செய்தால் சாதாரண குற்றவியல் நடைமுறைப்படியே செய்ய வேண்டும் என்று அது கூறியது. அதைத் தொடர்ந்த மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் மீதான வழக்குகள் கைவிடப்பட்டு அவர்கள் வெளியே வந்தனர். புகைப்படக்காரர் எவரும் அங்கு நிற்கவில்லை. ஆகவேதான் ஓமந்தை நினைவிருக்கின்றது, 2.12 மறந்துபோனது.

இங்கு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். புலிகளின் தடுப்புமுகாம்களிலும் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் இருந்தனர். அவர்களில் மாற்று இயக்கத்தவரும் மாற்றுக் கருத்துடையோருமான தமிழர்களும் இருந்தனர். பலர் திரும்பவேயில்லை. அவர்களுக்காகப் பரிமாற்றம் பேச எந்த அரசும் முன்வரவில்லை. அவர்களது உறவினர்களும் இதே கனடாவில்தான் வாழ்கின்றனர்.

2009 மே மாதத்தோடு நிலைமை அடியோடு மாறியது. பாலஸ்தீனருக்கும் ஈழத்தமிழருக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் உள்ளது. 2006இல் பிடிபட்ட கிலாட் ஷாலித் என்ற ஒரே இஸ்ரேலியச் சிப்பாய்க்காக 2011இல் 1,027 பாலஸ்தீனக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். 1985இல் மூன்று சிப்பாய்களுக்கு ஈடாக 1,150 பேர். அந்த 1,027 பேரில் ஒருவர் யாஹ்யா சின்வார். கைதிப் பரிமாற்றம் என்றாலே இஸ்ரேலியர் பலர் இன்றும் கொதிப்பதற்கு அந்த ஒரு பெயர் போதும். அந்தக் கோபம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், கொலைக்குத் தண்டனை பெற்றவரும் குற்றமே சுமத்தப்படாதவரும் ஒரே பேருந்தில் ஏற்றப்படும் நிலையை உருவாக்கியது விசாரணையற்ற சிறைதான். முள்ளிவாய்க்காலின் பின்னரோ தமிழ்க் கைதிகளுக்கு ஈடாக வைக்க மறுபக்கத்தில் எவரும் இல்லை. ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் வழக்கின்றி அடைக்கப்பட்டனர். வட்டுவாகலில் குடும்பத்தினர் கண்முன்னே சரணடைந்தவர்கள் எங்கே என்று கேட்டு, 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சித் தெருவோரத்தில் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தனர். காத்திருந்தே இறந்துபோன தாய்மார் பலர்.

எஞ்சிய வழி பொதுமன்னிப்பு ஒன்றே. மன்னிப்பு என்பது உரிமையன்று, ஆள்பவரின் மனநிலை. 2018 மார்ச்சில், ஆயுள்தண்டனைக் கைதி ஒருவர் மனைவியின் இறுதிச்சடங்கிற்காகச் சில மணிநேரம் கிளிநொச்சிக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் திரும்பும்போது அவருடைய சின்ன மகள் தானும் சிறைச்சாலை வாகனத்தில் ஏறினாள். அப்பாவோடு போகலாம் என்று அவள் நினைத்தாள். அவரை விடுவிக்குமாறு எத்தனையோ ஆயிரம் கையெழுத்துகள் திரட்டப்பட்டன. 2021 யூன் மாதப் பொசன் நாளில் பயங்கரவாதத் தடைச்சட்டக் கைதிகள் பதினாறு பேர் விடுவிக்கப்பட்டபோதும் அவர் பெயர் அதில் இருக்கவில்லை.

இச்சட்டம் இன்று தமிழரோடு நிற்கவில்லை. 2020 மே மாதத்தில், 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை எழுதியதற்காக அஹ்னாப் ஜசீம் என்ற முஸ்லிம் இளைஞர் கைதானார். தமிழ் படிக்கத் தெரிந்த எவரேனும் அதை ஒழுங்காக வாசித்திருந்தால் கைதே நடந்திருக்காது. பத்தொன்பது மாதங்களின் பின்னர் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் விடுதலையானார். 2022இல் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேயும் இதே சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டார். நாற்பது ஆண்டுகளாக அச்சட்டத்தைப் பொருட்படுத்தாத தெற்கு, அன்றுதான் அதன் பெயரை முதற்தடவை கேட்டதுபோல் திடுக்கிட்டது.

கனடா இதற்கு அப்பாற்பட்டது என்று எண்ணினால் அது தவறு. இந்நகரிலேயே 1970 ஒக்டோபரில் பிரித்தானிய வர்த்தக ஆணையாளர் ஜேம்ஸ் குரொஸ்சைக் கடத்திய கியூபெக் விடுதலை முன்னணி, சிறையிலிருந்த தன் ஆட்கள் 23 பேரின் விடுதலையைக் கோரியது. அரசு மறுத்தது. அமைச்சர் பியர் லப்போர்ட் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒக்டோபர் 16 விடியற்காலையில் போர்க்கால நடவடிக்கைச் சட்டம் பிரகடனமானது. பிடியாணையின்றி 497 பேர் பிடிக்கப்பட்டனர். கவிஞர் காஸ்தோன் மிரோனும் பாடகி போலின் ஜூலியனும் அவர்களுள் அடங்குவர். குற்றம் சுமத்தப்பட்டோர் 62 பேர் மட்டுமே. டிசம்பரில் செயிந்த் எலென் தீவில் குரொஸ் கையளிக்கப்பட, கடத்தியவர்கள் கியூபாவுக்கு விமானமேறினர். வடக்கு மாகாணத்துப் பெற்றோர் ஒருவர் தன் கதையைச் சொன்னால், அறுபது வயதைத் தாண்டிய கியூபெக் அயலவர் ஒருவருக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிராது.

1995இல் கைதான மாணிக்கவாசகம் சுரேஷ், பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றின் பேரில் இரண்டரை ஆண்டுகள் ரொறன்ரோவில் அடைபட்டிருந்தார். சித்திரவதைக்கு ஆளாகும் நாட்டிற்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது பற்றிக் கனடிய உச்சநீதிமன்றம் 2002 ஜனவரியில் அளித்த தீர்ப்பு அவர் பெயரால் அறியப்படுகின்றது. மொன்றியலைச் சேர்ந்த ஆதில் சர்க்காவி 2003 முதல் இருபத்தொரு மாதங்கள் இரகசிய ஆதாரத்தின் பேரில் அடைபட்டார். 2007இல் உச்சநீதிமன்ற நீதியரசர்கள் ஒன்பது பேரும் ஒருமனதாக அந்த நடைமுறையை நிராகரித்தனர். 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் வந்த 492 தமிழர்களும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறங்கியதுமே தடுத்து வைக்கப்பட்டனர். அரசு தவறு செய்தது. ஆனாலும் இந்நாட்டில் அந்தத் தவறை நீதிமன்றில் நின்று கேட்டபோது உச்சநீதிமன்றம் செவிசாய்த்தது. சிங்கராசாவுக்கு இல்லாமற்போன வேறுபாடு அது.

2024இல் கொழும்பில் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குவதாக வாக்களித்திருந்தது. 2025இலும் அச்சட்டத்தின் கீழ்க் கைதுகள் நடந்தன. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் இளையோர் 'தமிழருக்கு நீதி' என்று பொதுவாக எழுதுவதைவிட, 16ஆம் பிரிவு என்று குறிப்பிட்டு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னர் செய்யக்கூடிய ஒரு வேலை வீட்டிலேயே உண்டு. 2012க்கு முன் அகதிக் கோரிக்கை செய்த குடும்பங்களின் அலுமாரிகளில், குடிவரவு அகதிகள் சபைக்கு நிரப்பிக் கொடுத்த தனிநபர் தகவல் படிவத்தின் பிரதி பெரும்பாலும் இருக்கும். சில வீடுகளில் தடுப்புக்காவலை உறுதிப்படுத்தி செஞ்சிலுவைக் குழு கொடுத்த கடிதமும் இருக்கும். எந்த முகாம், எந்தத் திகதி, எத்தனை மாதம், என்ன குற்றச்சாட்டு என்பவை அதில் எழுதப்பட்டுள்ளன. பலவற்றில் கடைசிக் கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதப்பட்டிராது. அப்பாவோ அம்மாவோ இசைந்தால், அந்தத் தாளை அவர்களோடு இருந்து வாசித்துப் பார்க்கலாம்.