மீட்டர் உண்மை பேச வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சாலைப் பாதுகாப்பு என்றதும் தலைக்கவசம், வேகம், குடிபோதை ஆகிய மூன்றைத்தான் நாம் பேசுகிறோம். மோட்டார் ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருக்கும் மீட்டரை மறந்துவிடுகிறோம்.

நான் குருணைச் சேர்ந்தவன். மோடெனாஸ் தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1996இல் அங்கிருந்து கிரிஸ் மோட்டார் வெளிவந்தபோது, தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் முதல் வண்டி. இன்றும் எங்கள் பிள்ளைகள் மோட்டாரில்தான் வேலைக்குப் போகிறார்கள். நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் சென்றவர்களே.

என் அக்காள் மகனின் மோட்டாரில் மீட்டர் கேபிள் அறுந்துபோனது. ஏழு மாதம் அப்படியே ஓட்டினான். கேட்டால், "முகத்தில் காற்று அடிக்கிறதை வைத்தே வேகம் தெரியும் மாமா" என்பான். ஒரு மழை நாளில் பீடோங் அருகே வளைவில் விழுந்து கால் முறிந்தது. எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று மருத்துவமனையில் கேட்டேன். "அறுபது இருக்கும்" என்றான். அந்த அறுபதை அவன் எதில் பார்த்தான்?

மீட்டருக்கென்று சட்டம் இருக்கிறது. வாகன விதிமுறைகளுக்கான ஐக்கிய நாடுகளின் 1958ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மலேசியா 2006இல் இணைந்தது. அதன் 39ஆம் விதி வேகமானியைப் பற்றியது. ஓட்டுபவர் நேராகப் பார்க்கும் இடத்தில் மீட்டர் இருக்க வேண்டும். பகலிலும் இரவிலும் எண் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான வேகத்தைவிட மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் சில கிலோமீட்டரும்தான்.

விளக்குகளுக்கும் நிறம் வகுத்திருக்கிறார்கள். உயர் வெளிச்சத்துக்கு நீலம், சிக்னலுக்குப் பச்சை, ஏபிஎஸ் பிரேக் பழுதுக்கு மஞ்சள். 150 சிசிக்கும் அதற்கு மேற்பட்ட புதிய மோட்டார்களுக்கும் 2025 முதல் ஏபிஎஸ் கட்டாயம். சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும், எரியவே இல்லை என்றாலும் பட்டறைக்குப் போங்கள்.

ஆனால் இந்தச் சோதனையெல்லாம் வண்டி விற்பனைக்கு வருமுன் நடப்பது. லாரி, பேருந்துக்கு இருப்பது போன்ற தவணைப் பரிசோதனை நம் சொந்த மோட்டாருக்குக் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகு பொறுப்பு நம்முடையது.

பல மோட்டார்களில் மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். நீங்கள் டயரை மாற்றியது தெரியாது. சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடிய டயரை மாட்டினால், மீட்டர் 90 காட்டும்போது வண்டி 99இல் ஓடும். சிறிய டயர் என்றால் மீட்டர் கூட்டிக் காட்டும். ஆயில் மாற்றும் கிலோமீட்டர் கணக்கும் தவறும். கடையில் வாங்கிப் பூட்டும் டிஜிட்டல் மீட்டரில் சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அது காட்டும் எண் வெறும் அலங்காரம். உணவு விநியோகம் செய்யும் தம்பிகளே, செல்பேசியை மீட்டரை மறைத்து மாட்டாதீர்கள்.

சோதிப்பது எளிது. நேரான, நெரிசல் இல்லாத சாலையில் ஒரே சீராக 60இல் ஓட்டுங்கள். பின்னால் இருப்பவர் செல்பேசியில் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தைப் பார்க்கட்டும். அது 60 அல்லது சற்றுக் குறைவாக இருந்தால் நல்லது. 60ஐத் தெளிவாகத் தாண்டினால் உங்கள் மீட்டர் பொய் சொல்கிறது.

பெற்றோரே, பிள்ளை மோட்டாரைக் கிளப்பும் முன் தலைக்கவசத்தைப் பார்க்கிறீர்கள். அப்படியே மீட்டரையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.