"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?"

நோயாளியோட பழக்கவழக்கம், நம்பிக்கை, மொழி இதெல்லாம் நர்சிங் கவனிப்பை எப்படி மாத்துதுன்னு இந்த எபிசோடுல பேசப்போறேன். நான் பல வருஷமா வார்டு நர்ஸா வேலை பார்க்கிறவ. கேட்கிறவங்கள்ல நர்சிங் படிக்கிற பிள்ளைங்க இருக்கீங்க, ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்களுக்குத் துணையா இருந்தவங்களும் இருக்கீங்க. ரெண்டு பேருக்கும் இது பொருந்தும்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா ஒரு நோயாளிகிட்ட சில நிமிஷம் இருப்பார். சாப்பாடு, குளியல், துணி மாத்துறது, மாத்திரை, ராத்திரி வலி இதெல்லாம் நர்ஸ் கையில. ஒருத்தரோட பண்பாடு அதிகமா வெளியில தெரியிறதும் இந்த இடங்கள்லதான்.

லியா லீ கதை

அமெரிக்காவுல, கலிபோர்னியாவுல மெர்செட்னு ஒரு ஊர். லாவோஸ்ல இருந்து அகதிகளா வந்த ஹ்மாங் இன மக்கள் அங்க நிறைய. 1982-ல அப்படி ஒரு வீட்டுல பிறந்த குழந்தை லியா லீ. மூணு மாசத்துல வலிப்பு வந்தது. அக்கா கதவை டமார்னு சாத்தினதுல குழந்தையோட ஆன்மா பயந்து ஓடிப்போச்சுன்னு பெத்தவங்க நம்பினாங்க. டாக்டர்களுக்கு அது மூளை சம்பந்தப்பட்ட நோய். முதல் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தப்போ வலிப்பு நின்னுடுச்சு, மொழிபெயர்க்க ஆளும் இல்ல. அதனால நெஞ்சுச் சளின்னு நினைச்சு வைத்தியம் பார்த்தாங்க.

அப்புறம் நோய் தெரிஞ்சது, மருந்தும் ஆரம்பிச்சாங்க. மருந்தும் அளவும் 20 தடவைக்கு மேல மாறினது. பெத்தவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருந்துதான் பிள்ளையைக் கெடுக்குதுன்னு தோணினப்போ கொடுக்காம விட்டாங்க. ஆஸ்பத்திரி புகார் கொடுத்தது. கோர்ட்டு குழந்தையை வேற வீட்டுல வளர்க்கச் சொல்லி எடுத்துக்கிச்சு. 1986-ல திரும்பக் கொடுத்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல பெரிய வலிப்பு. ரத்தத்துல பரவின கிருமித் தொற்றும் சேர்ந்து, மூளை மீள முடியாம பாதிச்சது. அதுக்கப்புறம் அந்தக் குடும்பம் அவளை வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கிட்டாங்க. 2012-ல, 30 வயசுல இறந்தா. ஆன் ஃபேடிமன் 1997-ல இதைப் புத்தகமா எழுதினார்.

இதுல அந்த டாக்டர்களும் நர்சுகளும் அக்கறை இல்லாதவங்க இல்ல. பெத்தவங்க அவளை உயிரா வளர்த்தவங்க. இந்த வலிப்பு எதனால வருதுன்னு நீங்க நினைக்கிறீங்கன்னு ஆரம்பத்துலயே, நல்ல மொழிபெயர்ப்பாளரை வச்சு, யாரும் உட்கார்ந்து கேட்கல.

ஆர்தர் க்ளெய்ன்மன்னு ஒரு மனநல மருத்துவர், மானுடவியலாளரும்கூட. இதுக்குன்னே 1970-கள்ல சில கேள்விகளை வகுத்துக் கொடுத்தார். சுருக்கமா நம்ம மொழியில சொல்றேன். இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஏன் இப்போ வந்துச்சு? உடம்புக்குள்ள இது என்ன பண்ணுது? என்ன வைத்தியம் பண்ணணும்னு எதிர்பார்க்கிறீங்க? இதுல உங்களுக்கு எதை நினைச்சு ரொம்ப பயம்? பி.பி. பார்க்கிற மாதிரி இதையும் அட்மிஷன் வேலையில சேர்த்துக்கணும்னு நான் மாணவிகள்கிட்ட சொல்வேன்.

நம்ம வார்டுல

அது எங்கேயோ நடந்த கதைன்னு விட்டுட வேண்டாம். இங்கயும் வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். சின்னம்மை வந்தா "அம்மா வந்திருக்கா"ன்னு சொல்லி வேப்பிலை கட்டுறோம். அந்த வீட்டுக்காரங்களை எப்படி நடத்துறதுன்னுதான் நர்ஸுக்குக் கேள்வி.

மேடலின் லெய்னிங்கர்னு ஒரு அமெரிக்க நர்ஸ், மானுடவியல் படிச்சு, பப்புவா நியூ கினியில கேட்சப் மக்களோட தங்கி ஆராய்ச்சி பண்ணவங்க. டிரான்ஸ்கல்ச்சுரல் நர்சிங்னு இன்னைக்குச் சொல்ற துறையை ஆரம்பிச்சவங்க அவங்கதான். நோயாளியோட பழக்கத்தை மூணு விதமாக் கையாளலாம்னு சொன்னாங்க: அப்படியே விடுறது, பேசி ஒத்துப்போறது, மாத்த உதவுறது.

அப்படியே விடுறதுக்கு வேப்பிலை உதாரணம். படுக்கைக்குப் பக்கத்துல வேப்பிலை இருந்தா என்ன கெட்டுப்போகுது? அதைத் தூக்கி எறிஞ்சா அந்தக் குடும்பம் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கே வராது. வேப்பிலை இருக்கட்டும்னு சொல்லிட்டு, வீட்டுல கர்ப்பிணி யாராவது இருக்காங்களான்னு கேளுங்க, ஏன்னா அவங்களுக்கு இது ஆபத்தாகலாம். காய்ச்சலுக்குக் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. இப்போ காது கொடுத்துக் கேட்பாங்க.

பேசி ஒத்துப்போறதுக்குப் பிரசவப் பத்தியம். சில வீட்டுல பெத்தவளுக்குத் தண்ணியே குறைச்சுத்தான் கொடுப்பாங்க. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணி நல்லா வேணும். பச்சைத் தண்ணிதானே ஆகாது? வெந்நீர், சீரகத் தண்ணி, ரசம்னு கேட்டுப் பாருங்க, பாட்டி சரின்னுடுவாங்க.

மாத்தியே ஆக வேண்டியது சேனை வைக்கிறது. பிறந்த குழந்தை நாக்குல சர்க்கரைத் தண்ணி, தேன், சில ஊர்ல கழுதைப்பால்கூடத் தடவுறாங்க. ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது, பாட்டுலிசம்ங்கிற விஷ நோய் வரலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், ஆறு மாசம் வரைக்கும் அது மட்டும், இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்றது. ஆனா சேனை வைக்கிறவங்க குணம் பிள்ளைக்கு வரும்ங்கிறது அந்த வீட்டோட ஆசை. அந்தப் பெரியவரையே முதல்ல குழந்தையைக் கையில வாங்கச் சொல்லலாம், சீம்பால்தான் முதல் சேனைன்னு அவர் வாயாலயே சொல்ல வைக்கலாம். ஆசையை மதிச்சுட்டு, தேனை மட்டும் நிறுத்துறோம்.

மொழி தெரியாதப்போ

திருப்பூர், கோயம்புத்தூர், சென்னைன்னு எங்கே போனாலும் இந்தி, ஒடியா, வங்காளம் பேசுற தொழிலாளிகள் வார்டுல இருக்காங்க. கூட வர்ற சூப்பர்வைசர்தான் மொழிபெயர்ப்பாளர். மெஷின்ல கை எப்படி மாட்டுச்சுன்னு அவர் முன்னாடி அந்தப் பையன் சொல்வானா? எத்தனை நாளா ரத்தப்போக்குன்னு ஒரு பொண்ணு சொல்லுமா? அவரை வெளியில அனுப்புங்க. அந்த மொழி தெரிஞ்ச ஊழியரைக் கூப்பிடுங்க, பெண் நோயாளின்னா முடிஞ்ச வரைக்கும் ஒரு பெண்ணை. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. அதுக்குப் பதிலா, "எந்த மாத்திரையை எப்போ போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு. பேரையும் ஊரையும் பார்த்து, இவங்க இப்படித்தான்னு முடிவு கட்டுறதும் தப்புதான். ஒரே தெருவுல ஒரு வீடு பத்தியம் பார்க்கும், அடுத்த வீடு பார்க்காது. இரிஹாபெட்டி ராம்ஸ்டன்ங்கிற மாவோரி நர்ஸ் வளர்த்தெடுத்த கருத்தை, நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் 1992-ல பாடத்திட்டத்துல சேர்த்தது. கவனிப்பு பாதுகாப்பா இருந்துச்சான்னு முடிவு சொல்ற உரிமை அதை வாங்கிக்கிட்ட நோயாளிக்குத்தான்னு அது சொல்லுது. அதனால நல்லாத்தானே பார்த்துக்கிட்டோம்னு நாமே மார்க் போட்டுக்க முடியாது, நோயாளிகிட்டதான் கேட்கணும்.

உங்க ஊர்ல, உங்க வீட்டுல நோய் வந்தா என்னென்ன பழக்கம் இருக்குன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதுல சிலதை எடுத்துப் பேசலாம்.