ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்ததா?



சட்டம் பற்றி ஏதாவது பேசச் சொன்னார்கள். சொத்துரிமை, வரதட்சணை எல்லாம் போன வருஷமே பேசியாச்சு. நான் ஜாமீன் பற்றிப் பேசுறேன். ஏன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நம்ம பக்கத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில், செத்துப்போன பையனோட அம்மாவும் நம்ம உறுப்பினர், உள்ளே போன ஒரு பையனோட அம்மாவும் நம்ம உறுப்பினர். ஜாமீன் கிடைச்ச அன்னைக்கு ஒரு அம்மா, "கொன்னவனைக் கோர்ட்டே விட்டுடுச்சே"ன்னு மண்ணை வாரித் தூத்தினாங்க. இன்னொரு வீட்டில் வெடி போட்டாங்க. ரெண்டு பேருமே அதை விடுதலைன்னு நினைச்சிட்டாங்க. அந்தக் குழுவில் ஆறு மாசம் கூட்டமே சரியா நடக்கலை.

ஜாமீன் தீர்ப்பு இல்லை. வழக்கு அப்படியே இருக்கும். அது முடியுற வரைக்கும் ஆளை உள்ளே வைக்கணுமா, வெளியே இருந்து வாய்தாவுக்கு வரட்டுமா, இவ்வளவுதான் அன்னைக்கு நீதிபதி முடிவு பண்றது.

எதை வைத்து முடிவு பண்றாங்க? குற்றம் எவ்வளவு பெரியது, அதில் இந்த ஆள் செய்ததாகச் சொல்வது என்ன என்று முதலில் பார்ப்பாங்க. அரிவாள் எடுத்தவனும், பைக் ஓட்டிட்டு வந்தவனும் ஒரே வழக்கில் இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஆர்டர் வரணும்னு இல்லை. அப்புறம், ஓடிப்போவானா, சாட்சியை மிரட்டுவானா, மறுபடியும் செய்வானா, பழைய கேஸ் இருக்கா என்று பார்ப்பாங்க. சொந்த ஊரில் வீடு, வேலை, குடும்பம் இருக்குன்னு காட்டுறது இதுக்குத்தான்.

தூக்கு, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்கில் மாஜிஸ்திரேட் சாதாரணமா ஜாமீன் தர முடியாது. பெண்கள், 18 வயசுக்குக் கீழே உள்ளவங்க, நோயாளிகள் என்றால் தரலாம். மத்தவங்க செஷன்ஸ் கோர்ட், அங்கேயும் இல்லைன்னா ஹைகோர்ட் போகணும். ஒரு தடவை தள்ளுபடி ஆனால் கதை முடிஞ்சதுன்னு அழ வேண்டாம். நிலைமை மாறினால் மறுபடியும் கேட்கலாம். கஞ்சா கேஸ் மட்டும் வேற மாதிரி. 20 கிலோவுக்கு மேல பிடிபட்டால், இவன் குற்றவாளி இல்லைன்னு நம்பக் காரணம் இருக்குன்னு நீதிபதிக்கே தோணணும். ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு கணக்கு இருக்கு. இந்த மாதிரிப் பெரிய வழக்கில் ரிமாண்ட் ஆகி 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடணும். போடலைன்னா ஜாமீன் கேட்கிறது உரிமை. ஆனா அது தானா வராது, மனு போடணும். நாம் சும்மா இருக்கும்போது குற்றப்பத்திரிகை வந்துட்டா அந்த உரிமை போயிடும். காலண்டரில் வட்டம் போட்டு வைங்க.

இப்போ செத்துப்போன பையனோட அம்மா பக்கம். அவங்களுக்கும் வாய் இருக்கு. உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரியில் 2021-ல் விவசாயிகள் மேல் வண்டி ஏத்தின வழக்கில், ஒரு மத்திய மந்திரி மகனுக்கு ஹைகோர்ட் ஜாமீன் கொடுத்தது. இறந்தவங்க குடும்பத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி 2022-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணியது. அப்புறம் வேற நிபந்தனைகளோடு ஜாமீன் கிடைச்சது, அது வேற விஷயம். கேட்காமல் கொடுக்கக் கூடாதுன்னு ஆச்சு இல்லையா? வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவங்களுக்குத் தகவல் கொடுத்தே ஆகணும். வெளியே வந்தவன் மிரட்டினால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்க. அதை வைத்து ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம்.

அடுத்து, ஜாமீன்தாரர். ஆர்டர் வந்தும் ஆள் கிடைக்காமல் உள்ளேயே கிடக்கிறவங்க உண்டு. 1978-ல் ஒரு கொத்தனார் விஷயத்தில், பத்தாயிரம் ரூபாய் கேட்டதும், அண்ணன் தம்பி சொத்து வேற மாவட்டத்தில் இருக்குன்னு தள்ளினதும் தப்புன்னு நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் போதும்னு விடச் சொன்னார். இப்போ ஜாமீன் கிடைச்சு ஏழு நாளில் வெளியே வரலைன்னா ஜெயில் சூப்பிரண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கணும் என்பது 2023-ல் வந்த சுப்ரீம் கோர்ட் உத்தரவு. நம்மகிட்ட ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தால், குழுவில் ஒண்ணா இருக்கோமேன்னு முகத்துக்காகப் போடாதீங்க. அந்த ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் பத்திரத்தில் உள்ள தொகையைக் கட்டச் சொல்லி நமக்குத்தான் நோட்டீஸ் வரும். வருவான்னு நம்பினால் போடுங்க.

நான் சொன்ன ரெண்டு அம்மாவில் ஒருத்தர் நாலு பவுனை அடகு வைத்து, "ஜட்ஜைத் தெரியும்"னு சொன்ன புரோக்கர்கிட்ட கொடுத்தார். அந்தப் பணம் போனது போனதுதான். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. காவலில் இருக்கிற ஆணுக்கும் உண்டு. செத்தவன் அம்மாவுக்கும் உண்டு, பிடிபட்டவன் அம்மாவுக்கும் உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும். போன் நம்பர் 15100. ஒவ்வொரு குழுவும் அதைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கணும்னு கேட்டுக்கிறேன்.